ஆன்மா ஒன்று, குலம் மட்டும் பலவா?

கேள்வி: அல்சூரில் ஞாயிறுதோறும் கீதை வகுப்புக்குப் போகிறேன். 'எல்லா உயிரிலும் இருப்பது ஒரே ஆன்மா' என்கிறார்கள். அடுத்த நிமிஷமே, 'தாழ்ந்த குலத்தில் பிறப்பது முன்வினைப் பயன்' என்கிறார்கள். இது எப்படிப் பொருந்தும்? – வாசகி, பெங்களூரு

பதில்: இரண்டுமே ஒரே நூலில் இருக்கின்றன. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவுக்கு 'நீயே அது', அதாவது உன் ஆன்மாவே அந்தப் பரம்பொருள், என்று ஒன்பது முறை சொல்கிறார். அதற்கு முந்தைய அத்தியாயத்தில் (5.10.7), நல்லொழுக்கம் உள்ளவர் அந்தணர், அரசர், வணிகர் பிறப்பையும், தீயொழுக்கம் உள்ளவர் நாய், பன்றி, சண்டாளர் பிறப்பையும் அடைவர் என்று இருக்கிறது. 'இதெல்லாம் பிற்காலத்தில் நுழைந்தது' என்று வகுப்பில் யாராவது சொன்னால் இந்த இடத்தைப் பிரித்துக் காட்டுங்கள்.

ஆன்மாவும் பிரம்மமும் (பரம்பொருளும்) ஒன்றே என்னும் அத்வைதம் இதை இரண்டு நிலையாகப் பிரித்துச் சமாளிக்கிறது. பாரமார்த்திகத்தில், அதாவது இறுதி உண்மை நிலையில், பிரம்மம் மட்டுமே உண்டு. வினை, பிறப்பு, வருணம் எல்லாம் வியாவகாரிகம், அதாவது அன்றாட நடைமுறை நிலை. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் 'அது வெறும் நடைமுறை' என்று ஒதுக்கிய இடத்தில்தான் சாதி பத்திரமாகக் குடியிருந்தது. அத்வைதத்தை நிலைநாட்டிய சங்கரரே பிரம்ம சூத்திர உரையில் (1.3.34–38) சூத்திரர்களுக்கு வேதம் ஓத உரிமையில்லை என்கிறார், இதிகாச, புராணங்கள் வழியாக ஞானம் பெறலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

'கீதை பிறப்பைச் சொல்லவில்லை, குணத்தைத்தான் சொல்கிறது' என்று, நான்கு வருணங்களும் குணத்தையும் செயலையும் ஒட்டிப் படைக்கப்பட்டவை என்னும் 4.13-ஐக் காட்டுவார்கள். அதோடு 18.41-ஐயும் சேர்த்துப் படியுங்கள். அந்தக் குணம் சுபாவத்தில் பிறந்தது என்கிறது கீதை. சுபாவம் என்பது முற்பிறவி வாசனை, அதாவது அங்கிருந்து ஒட்டிவரும் பதிவு, என்றும் ஒரு பொருள் தருகிறார் சங்கரர். சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறோம்!

உங்கள் அல்சூர் ஏரிக்கரையில் 2009-இல் திறந்த வள்ளுவர் சிலை இருக்கிறதே, அவரிடமும் இந்த இழுபறி உண்டு. 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' (972) என்றவர்தான் 'அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை' என்ற பல்லக்குக் குறளையும் (37) எழுதினார். பல்லக்கைச் சுமப்பவனும் அதில் ஏறிப் போகிறவனுமே அறத்தின் பயனுக்குச் சாட்சி, நூலைக் காட்டி நிறுவ வேண்டாம் என்று உரை சொல்கிறார் பரிமேலழகர். 'அறத்தின் வழி இதுதான் என்று அவர்களிடம் போய்ச் சொல்லாதே' என்றும் அதே சொற்களைப் படிக்கலாம். எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது.

கேள்வி: ஆன்மா ஒன்றுதான் என்றால் மறுபிறவி யாருக்கு? – வாசகர், ஸ்ரீராம்புரம்

பதில்: அத்வைதத்தின்படி, கண்ணுக்குத் தெரியாத சூட்சும உடலுக்கு. ஞானேந்திரியம் (அறியும் புலன்கள்) 5, கர்மேந்திரியம் (செயல் உறுப்புகள்) 5, பிராணன் (உயிர்க்காற்று) 5, மனம், புத்தி என 17 உறுப்புகள் சேர்ந்த அதுதான் வினையைச் சுமந்துகொண்டு அடுத்த உடலுக்குப் போகிறது. சைவ சித்தாந்தத்துக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அங்கே உயிர்கள் பல.