கிளான்சாவில் எத்தனை பிஎஸ்ஐ வரை பூஸ்ட் ஏற்றலாம்? முதலில் பெற்றோல் பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: ‘ஸ்டார்லெட் கிளான்சா எடுத்திருக்கிறேன். பூஸ்ட் கன்ட்ரோலரும் வாங்கிவிட்டேன். எத்தனை பிஎஸ்ஐ வரை ஏற்றினால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது?’ கிளான்சா டொயோட்டாவின் சின்ன டர்போ கார், கேட்ட தம்பி வவுனியாவாம். அதற்கு ஒருவர் ஏற்கெனவே பதில் போட்டிருக்கிறார்: ‘வன்னி ரோட்டுக்கு டர்போ எதற்கு? மாடு குறுக்கே வந்தால் பிரேக் பிடித்தால் சரி.’ வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் பரந்தன் பக்கம் கராஜ் வைத்திருப்பவன், கிளான்சாவும் வைத்திருப்பவன். பேசாமல் போக மனம் வரவில்லை.

தம்பி, உங்கள் கார் எப்படி இருக்கும் என்று நானே ஊகித்துக்கொள்கிறேன். தெற்கிலிருந்து வந்திருக்கும். முன்பு வைத்திருந்தவர் பெரிய ஏர் ஃபில்டர், ‘புஸ்’ என்று சத்தம் போடும் வால்வு, முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் பூஸ்ட் மீற்றர் எல்லாம் பூட்டி அழகாக்கி விற்றிருப்பார். எஞ்சினுக்குப் பெற்றோல் வரும் பக்கத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவழித்திருக்க மாட்டார். உங்களுடையது அப்படி இல்லையென்றால் சந்தோஷம். என்னிடம் வருகிற கார்கள் அநேகமாக இந்த வகைதான்.

பூஸ்டுக்கென்று தனியாக ஒரு பாதுகாப்பான எண் கிடையாது. பூஸ்ட் என்பது டர்போ எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் காற்று. பார், பிஎஸ்ஐ இரண்டும் அந்த அழுத்தத்தின் அளவுகள். அந்தக் காற்றுக்கு ஈடாக உங்கள் கார் எவ்வளவு பெற்றோல் கொடுக்கும் என்பதுதான் எல்லை. கணக்குப் பெரிய கஷ்டமில்லை. கொம்பனி வைத்துத் தந்த பூஸ்ட் சுமார் 0.65 பார், அதாவது ஒன்பது, ஒன்பதரை பிஎஸ்ஐ. வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்தால் 1.65. நீங்கள் 1 பாருக்கு ஏற்றினால் மொத்தம் 2. ஆகவே காற்று ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, பெற்றோலும் அதே அளவு கூடவேண்டும். கொம்பனி பூஸ்டில், பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டர் தன் நேரத்தில் 85 வீதம் திறந்திருந்தது என்று வையுங்கள். இப்போது 103 வீதம் திறக்கவேண்டும். அப்படியொன்று கிடையாது. காற்று வந்துவிடும், பெற்றோல் வராது. எரிதல் சூடாகும், நொக் அடிக்கும் (கலவை தானாக வெடித்துத் தட்டும்), கடைசியில் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும்.

200 குதிரைவலு கனவு காண்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. டர்போ பெற்றோல் எஞ்சின் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்குச் சுமார் 0.6 இறாத்தல் பெற்றோல் குடிக்கும். 200க்கு 120 இறாத்தல். நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் தலா 30. 80 வீதத்துக்கு மேல் திறக்கவிடக் கூடாது என்று வைத்தால் 37.5 இறாத்தல், நிமிடத்துக்குச் சுமார் 390 சிசி. இந்த அளவில் இன்ஜெக்டர் இல்லையென்றால் கனவை ஒத்திவையுங்கள்.

சரி, என் கார். வாங்கும்போதே பூஸ்ட் 0.9இல் வைத்திருந்தார்கள். டாஷ்போர்டுக்கு அடியில், எஞ்சினின் கம்பியூட்டரான ஈசியுவுக்குப் போகும் வயர்க்கட்டில், கறுப்பு டேப் சுற்றிய ஒரு சின்னப் பெட்டி. இதை ஃபியூவல் கட் டிஃபெண்டர் என்பார்கள். கிளான்சாவில் பூஸ்ட் ஒரு அளவைத் தாண்டினால் ஈசியு பெற்றோலை வெட்டும், கார் முகத்தில் அறைந்தாற்போல் நின்று குலுங்கும். அது எஞ்சினைக் காப்பாற்ற வைத்தது. இந்தப் பெட்டி என்ன செய்கிறது? பூஸ்டை அளக்கும் சென்சாரிலிருந்து போகும் வோல்ட்டை ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் பிடித்து வைக்கிறது. நிஜத்தில் 0.9 போனாலும் ஈசியுவுக்கு 0.7 என்றுதான் தெரியும். அது 0.7க்கு உரிய பெற்றோலைத்தான் கொடுக்கும். காவல் நாயின் வாயைக் கட்டிவிட்டுப் படுப்பது மாதிரி.

அந்தப் பெட்டியைக் கண்டதும் காரை விரட்டவில்லை. முதலில் பெற்றோல் அழுத்தத்தைப் பார்த்தேன். இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோலைப் பிரிக்கும் ரெயிலுக்குப் போகும் பைப்பில் ஒரு டி இணைப்புப் போட்டு, நீளமான ஹோஸில் மீற்றரை வெளியே எடுத்து, பொனட் இடுக்கால் கொண்டுவந்து வைப்பருக்கு அடியில் டேப்பால் ஒட்டினோம். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஹோஸ் கிளிப்புகளை இரண்டு முறை பாருங்கள், பெற்றோல் கசிந்தால் விளையாட்டில்லை. பெற்றோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் சின்ன ஹோஸைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் என் காரில் 3 பார் காட்டியது. அதுதான் அடித்தளம். பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அதே அளவு இதுவும் ஏறவேண்டும். 0.9 பூஸ்ட் என்றால் 3.9.

விடியற்காலை, முல்லைத்தீவுப் பக்கம் போகும் வீதியில் ஆளரவமில்லாத நேர்த்துண்டு. மூன்றாம் கியர். பக்கத்தில் கராஜ் பொடியன், கண் மீற்றரில். “அண்ணை ஏறுது… மூன்று இருபது… மூன்றரை… அண்ணை, இறங்குது!” காலை எடுத்துவிட்டேன். பூஸ்ட் 0.9இல் நிற்க, பெற்றோல் ஊசி 3.2க்கு வந்துவிட்டது. இன்ஜெக்டருக்கு உண்மையில் கிடைப்பது இரண்டின் வித்தியாசம், அதாவது 2.3 பார். இருக்கவேண்டியது 3. அழுத்தத்தின் வர்க்கமூலப்படிதான் ஓட்டம் மாறும் என்பதால் பெற்றோல் 12 வீதம் போலக் குறைகிறது. ஒரு பங்கு பெற்றோலுக்கு 12 பங்கு காற்று என்று நிற்கவேண்டியது 13.5ஐத் தாண்டிவிடும். ஃபுல் மிதியில் ஈசியு எக்ஸோஸ்டைப் பார்த்துத் திருத்தாது. கார் என்னவோ நல்லாத்தான் இழுத்தது. லீனாகும்போது, அதாவது காற்றுக்குப் பெற்றோல் குறையும்போது, கொஞ்ச நேரம் அப்படித்தான் இழுக்கும்.

பம்ப் போய்விட்டது என்று புதிதாக வால்ப்ரோ 255 என்ற பெரிய பம்ப் வாங்க ஓடவேண்டாம். பின் சீட்டைத் தூக்கி, பம்ப் சொக்கட்டில் வோல்ட் பார்த்தேன். பற்றறியில் 13.9, பம்பில் 11. எர்த் வயர் பாடியோடு சேரும் திருகாணியைச் சுற்றித் துருவும் எங்கள் ஊர்ச் செம்புழுதியும் கலந்து கல்லாகிக் கிடந்தது. சுரண்டி எடுத்தேன். பற்றறியிலிருந்து தடித்த வயர், பற்றறிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், நடுவில் ரிலே, பழைய பம்ப் வயர் அந்த ரிலேயை இயக்க மட்டும். ஃபில்டரையும் மாற்றினேன். பழையதை அறுத்துப் பார்த்தபோது தேத்தண்ணீர் நிறத்தில் சேறு. பிறகு பம்பில் 13.5 வோல்ட், ஊசி 3.9இல் ஆடாமல் நின்றது. அதே பழைய பம்ப்தான்.

அப்படியும் அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பூஸ்டை 0.7க்கு இறக்கினேன். காற்று, பெற்றோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் பூட்டி, ஈசியுவையும் சரிப்படுத்திய பிறகுதான் 0.8. அது என் காருக்கு, 95 ஒக்டேன் பெற்றோலில் (ஒக்டேன் கூடினால் நொக் குறையும்). எண்ணைக் கொப்பி பண்ணாதீர்கள்.

‘ஜப்பானில் இதே எஞ்சினை ஒன்றரை பாரில் ஓட்டுகிறார்களே’ என்று எழுத வருகிறவர்களுக்கு: ஓட்டுகிறார்கள். ஃபோர்ஜ்ட் பிஸ்டன் என்ற பலமான பிஸ்டன், பெரிய இன்ஜெக்டர், தனி ஈசியு எல்லாம் போட்டு ஓட்டுகிறார்கள். அங்கே ஹை ஒக்டேன் என்றால் குறைந்தபட்சத் தரமே 96. இங்கே பெரும்பாலும் 92உம் 95உம்தான். அதிலும் எங்கள் பக்கத்துப் பெற்றோல் செட்டுகளில் 95 எப்போதும் இருக்காது. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் கை வைத்துப் பாருங்கள், பிறகு பேசுங்கள். ரோட்டில் ரேஸ் ஓடச் சொல்கிறேன் என்றும் திரிக்கவேண்டாம். நான் எஞ்சினியர் என்றும் எங்கேயும் சொல்லவில்லை.

‘வன்னிக்கு டர்போ எதற்கு’ என்ற அண்ணனுக்கும் ஒன்று. தொண்ணூறுகளில் போர்க்காலத் தடையால் பெற்றோலை உள்ளே வரவிடாதபோது, எங்கள் ஆட்கள் மோட்டார் சைக்கிளையும் பழைய காரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்புரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு, நொக் அடிக்கும். எங்கள் ஐயா ஹெட்டுக்கு அடியில் இன்னொரு காஸ்கட் வைத்து கம்ப்ரஷனைக் குறைத்துவிடுவார். 2002இல் ஏ9 வீதி திறக்கும்வரை அதுதான் எங்கள் பள்ளிக்கூடம். எரிபொருளுக்கு ஏற்ற மாதிரி எஞ்சினை வைக்கவேண்டும் என்பதை நாங்கள் யூடியூபில் படிக்கவில்லை.

2022இன் பழக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கொடுத்த காலத்தில் எல்லோரும் டாங்கியைக் காயவிட்டு ஓடப் பழகினோம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. டாங்கிக்குள் இருக்கும் பம்ப் பெற்றோலால்தான் குளிர்கிறது. கால் டாங்கிக்குக் கீழே வைத்துக்கொண்டு பூஸ்ட் ஏற்றினால், வளைவில் பெற்றோல் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த ஒரு கணம் போதும்.

சொந்தக்காரர்கள் சொல்வதும் இருக்கிறது: “உந்தக் காசுக்கு ஒரு மெசி ட்ராக்டர் எடுத்திருக்கலாமே.” எடுத்து? பெரும்போகம் வெட்டி நெல்லை ரோட்டில் காயப்போட்டால் வியாபாரி வருவார், ஈரம் என்று மூட்டைக்கு மூட்டை கழிவு வெட்டுவார், அவர் தராசுதான் தராசு. இரண்டு மாதம் கழித்து அதே நெல் அரிசியாகி எங்களுக்கே என்ன விலைக்கு வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் ஒரு இன்ஜெக்டர் வாங்கினால் மட்டும் ஊரே கணக்குக் கேட்கும். சரி, விடுவோம்.

தம்பி, கன்ட்ரோலரைப் பெட்டியிலேயே வையுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் டேப் சுற்றிய பெட்டி ஏதும் இருக்கிறதா, எஞ்சின் ஓடும்போது பம்ப் சொக்கட்டில் எத்தனை வோல்ட், சின்ன ஹோஸைக் கழற்றினால் பெற்றோல் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள். வோல்ட் மீற்றர் இல்லையென்றால் கராஜுக்குக் கொண்டுவாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு நான் சும்மாதான் இருப்பேன்.