கடைக் களிம்புக்கு முன்னால் ஒரு சொட்டுப் பரிசோதனை

காரைக்குடிப் பெண் மருத்துவர் ஒருவர் ஈஸ்ட் என்ற பூஞ்சையால் வரும் தொற்று பற்றிய கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

தேவகோட்டை வாசகி: டாக்டரம்மா, இந்த ஆண்டில் நான்காவது முறையாக வெள்ளைப்படுதலும் அரிப்பும். கடையில் வாங்கும் ஃப்ளுகோனசோல் மாத்திரைக்கு அடங்குகிறது, மறுபடி வருகிறது.

பதில்: அடுத்த மாத்திரைக்கு முன் பரிசோதனைக்கு வாருங்கள். திரிந்த பால் போலக் கட்டிகட்டியாக, வாடையின்றிப் பட்டால் ஈஸ்ட் என்று சந்தேகிக்கலாம். மீன்வாடை அடித்தால் பெரும்பாலும் பாக்டீரியாதான். இந்த மாத்திரை அதற்குக் கேட்காது. ஆனாலும் கண்ணால் பார்த்துச் சொல்வது பாதி ஊகம். கசிவில் ஒரு துளியைக் கண்ணாடியில் தடவிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் நம் செல்கள் கரைந்துபோகும்; பூஞ்சை மட்டும் நுண்ணோக்கியில் மொட்டும் இழையுமாகத் தெரியும். ஆண்டுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தால் கசிவை ஆய்வகத்தில் வளர்த்து எந்த இனம் என்று பார்க்கும் கல்ச்சரும் அவசியம். கேண்டிடா கிளாப்ரேட்டா என்ற ஈஸ்ட் இனம் ஃப்ளுகோனசோலுக்கு எளிதில் மசியாது. வழக்கமான அல்பிகன்ஸ் இனம் என்றால் ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம் மூன்று நாளுக்கு ஒன்றாக மொத்தம் மூன்று மாத்திரை, பிறகு வாரம் ஒன்று, ஆறு மாதம்.

சர்க்கரை பார்த்தீர்களா? தேன்குழலையும் சீடையையும் நான் குறை சொல்லவில்லை, இரத்தத்தைத்தான் கேட்கிறேன். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். அந்தச் சர்க்கரையே ஈஸ்ட்டுக்குத் தீனி. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் ஃப்ளுகோனசோலைத் தானாக வாங்கிப் போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடலாம்.

பள்ளத்தூர் வாசகி: எனக்கும் அதே தொல்லை, ஐந்து மாதக் கர்ப்பம். அதே மாத்திரை போடலாமா?

பதில்: வேண்டாம். குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தைப் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் மருந்தாக ஏழு இரவு, மருத்துவர் பார்த்த பிறகு.

ஆத்தங்குடி வாசகர்: டைல்ஸ் பட்டறை வேலை, நாளெல்லாம் தண்ணீர்த் தொட்டியில் கை. விரலிடுக்கில் புண். கடைக்காரர் தந்த களிம்பில் இரண்டு நாள் சுகம், பிறகு மோசம்.

பதில்: அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் தோல் வெளுத்து ஊறி, நடுவில் உரிந்து சிவந்திருந்தால் ஈஸ்ட்தான் முதல் சந்தேகம். புறங்கை காய்ந்து வெடித்திருந்தால் சிமெண்ட் ஒவ்வாமையாக இருக்கலாம், மருந்தே வேறு. ஈஸ்ட் என்று உறுதியானால் ஸ்டீராய்டு கலக்காத வெறும் குளோட்ரிமசோல் களிம்பு, நாளைக்கு இருமுறை. பருத்திக் கையுறைமேல் ரப்பர் கையுறை. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள், அதனடியில்தான் ஈரம் தங்குகிறது.

கண்டனூர் வாசகர்: அப்பத்தா நாக்கில் வெண்படலம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சு மருந்து எடுக்கிறார்.

பதில்: அதுவும் ஈஸ்ட்டாக இருக்கலாம். உறிஞ்சி முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். பல்செட்டை இரவில் கழற்றி ஊறவைக்க வேண்டும். விழுங்கும்போது வலித்தால் காத்திருக்காமல் கூட்டிவாருங்கள்.