கம்பத்தில் 11 கேவி, கடையில் 4 கேவி: இரண்டும் ஒன்றா?

கேள்வி: எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் "அபாயம் 11 கேவி" என்று பலகை தொங்குகிறது. ஏசிக்கு ஸ்டெபிலைசர் வாங்கப் போனால் கடைக்காரர் "4 கேவி போதும் சார்" என்கிறார். இந்தக் கேவி என்பது என்ன?

பதில்: பலகையில் இருப்பது கிலோவோல்ட். கடைக்காரர் சொன்னது கேவிஏ, அதாவது கிலோவோல்ட்-ஆம்பியர்: வோல்ட்டும் ஆம்பியரும் (கரண்ட்டின் அளவு) சேர்ந்து, ஒரு கருவி எவ்வளவு சுமை தாங்கும் என்று சொல்லும் அளவு. கடைசி எழுத்தை விழுங்கிவிட்டார். ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர்களும் "62 கேவி இருக்கு, அனுப்பவா?" என்றுதான் கேட்பார்கள். எலக்ட்ரிகல் வேலையில் இருக்கும் எங்களுக்கு இதில் குழப்பம் வராது. 62,000 வோல்ட் மின்சாரத்தை யாரும் கல்யாண மண்டபத்துக்கு வண்டியில் அனுப்பப் போவதில்லை!

1 கிலோவோல்ட் என்றால் 1000 வோல்ட். வோல்ட் எப்போதுமே இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள மின்னழுத்த வேறுபாடு. 1 கூலும் மின்னூட்டம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகையில் 1 ஜூல் ஆற்றல் கைமாறினால், அந்த இரண்டுக்கும் நடுவே 1 வோல்ட். பெயர், 1800இல் முதல் மின்கல அடுக்கை அறிவித்த இத்தாலியர் அலெசாண்ட்ரோ வோல்டாவுடையது.

எந்த இரண்டு இடம் என்று கேட்காமல் வோல்ட் கணக்கைப் பேச முடியாது. கம்பத்து 11 கேவி, ஒரு பேஸ் கம்பிக்கும் இன்னொரு பேஸ் கம்பிக்கும் நடுவே. அதே கம்பிக்கும் தரைக்கும் நடுவே பார்த்தால் ஏறத்தாழ 6.35 கேவிதான் (11ஐ 1.732ஆல் வகுத்தால் வரும்). வீட்டில் நாம் சொல்லும் 230 வோல்ட்டோ பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உள்ளது. த்ரீ பேஸ் இணைப்பு இருக்கிற வீட்டில் இரண்டு பேஸுக்கு நடுவே அளந்தால் மீட்டர் 400ஐ ஒட்டிக் காட்டும்.

கேவியும் கேவிஏவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்க டிரான்ஸ்பார்மரின் பெயர்ப்பலகையைவிட நல்ல இடம் கிடையாது. (வேலிக்கு வெளியே நின்று பாருங்கள், அல்லது போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.) ஒரு 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் 11,000 / 433 வோல்ட் என்றும், கரண்ட் 5.25 / 133.3 ஆம்பியர் என்றும் போட்டிருக்கும். மேலே 11 கேவியில் வருவது ஒவ்வொரு கம்பியிலும் ஐந்து ஆம்பியர் சொச்சம். அதே 100 கேவிஏ கீழே 433 வோல்ட்டில் இறங்கும்போது 133 ஆம்பியர் ஆகிவிடுகிறது. அதனால்தான் மேலே ஒல்லிக் கம்பி, கீழே தடித்த கேபிள். 433 என்ற விசித்திரமான எண்ணும் காரணத்தோடுதான்: லைன் கடைசி வீடு போய்ச் சேர்வதற்குள் வோல்டேஜ் கொஞ்சம் விழும், அதற்கு முன்கூட்டியே ஏற்றிக் கொடுப்பது.

வோல்ட்டை இவ்வளவு ஏற்றுவது எதற்கு என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. கம்பி சூடாகி வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்ட்டைப் பத்து மடங்கு ஏற்றினால், அதே திறனுக்கு ஆம்பியர் பத்தில் ஒன்று. இழப்பு நூறில் ஒன்று. தூரம் கூடக் கூட கேவியும் கூடுவது இதனால்தான். தமிழ்நாட்டில் 11, 22, 33, 110, 230, 400, 765 என்று படிப்படியாகப் போகும். மற்ற பல மாநிலங்களில் 220 கேவி இருக்கும் இடத்தில் நம்மிடம் 230 என்பது ஒரு தனி வழக்கம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் லைன் 800 கேவி, அதுவும் டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்). அதில் 6,000 மெகாவாட் வரை கொண்டுவரலாம்.

பலகையில் கேவிஏவைப் போடாமல் கேவியை எழுதி வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. அது நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கான எண். வீட்டுக் கம்பியைத் தொட்டால்தான் ஷாக். கேவி கம்பிக்கு அந்த மரியாதை கிடையாது, மிக அருகே போனாலே காற்றைத் தாண்டிப் பாயும். ரயில் மேலே ஓடும் கம்பியில் 25 கேவி. அதிலிருந்து 2 மீட்டராவது விலகி நிற்கச் சொல்கிறது ரயில்வே. நின்றுகொண்டிருக்கும் கூட்ஸ் வண்டியின் மேலே ஏறி செல்ஃபி எடுக்கும் பையன்கள் கம்பியைத் தொடாமலே கருகிப்போவது இப்படித்தான். மொட்டை மாடிப் பக்கமாக எச்.டி. (ஹை டென்ஷன், உயர் அழுத்த) லைன் போகிற வீட்டில் இரும்புக் குழாய், அலுமினிய ஏணி எதையும் நிமிர்த்திப் பிடிக்காதீர்கள்.

ஆனால் கேவி என்றாலே உயிர் போய்விடும் என்றும் இல்லை. நைலான் சட்டையைக் கழற்றும்போது சுருக்கென்று படும் பொறியும் சில கிலோவோல்ட்தான். அதில் இருக்கும் மின்னூட்டம் மிகக் கொஞ்சம், கண நேரத்தில் தீர்ந்துவிடும். டிரான்ஸ்பார்மர் அப்படித் தீராது, பின்னால் ஒரு சப்ஸ்டேஷனே நிற்கிறது.

சரி, உங்கள் ஸ்டெபிலைசர். 4 கேவிஏ என்றால் 230 வோல்ட்டில் 17 ஆம்பியர் சொச்சம் தாங்கும். ஒன்றரை டன் ஏசிக்கு அது போதும், கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட இன்னொரு எண்ணையும் பெட்டியில் தேடுங்கள்: எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை சமாளிக்கும் என்பது. உங்கள் வீடு லைன் கடைசியில் இருந்து, சாயங்காலத்தில் வோல்டேஜ் 160க்கு விழுகிறது என்றால், 170இல் தொடங்கும் ஸ்டெபிலைசர் எத்தனை கேவிஏ ஆனாலும் ஏசியை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.