1966 மஸ்டாங், 10:1 கம்ப்ரஷன்: பங்கில் கிடைக்கும் 91 ஆக்டேன் போதுமா?

கேள்வி இது: கலிஃபோர்னியாவில் 1966 ஃபோர்டு மஸ்டாங் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். 289 வி8 எஞ்சின், கம்ப்ரஷன் (சிலிண்டரில் கலவை நெருக்கப்படும் விகிதம்) 10:1. பழைய கையேடு பிரீமியம் பெட்ரோல் கேட்கிறது, பங்கில் அதிகபட்சம் 91 ஆக்டேன்தான் (பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் அளவு). ஆக்டேனை ஏற்றும் பூஸ்டர் திரவம் வாங்கி ஊற்ற வேண்டுமா?

பெரும்பாலும் 91 போதும், டைமிங்கைச் (பிளக் பொறி விடும் நேரத்தை) சரியாக வைத்தால். பூஸ்டருக்குச் செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில், உங்கள் எஞ்சின் உண்மையிலேயே 10:1 தானா? வின் எண்ணில் (வண்டியின் அடையாள எண்) ஐந்தாவதாக இருக்கும் எழுத்தைப் பாருங்கள். சி என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர், 200 குதிரைத்திறன், 9.3:1, அதற்கு அன்றைக்கே சாதா பெட்ரோல்தான். ஏ என்றால் நான்கு பேரல், 225 குதிரைத்திறன், 10:1, இதற்குத்தான் பிரீமியம். ஆனால் அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த கணக்கு. இத்தனை வருஷத்தில் யாராவது பிற்கால 302 எஞ்சினின் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) மாட்டியிருக்கலாம், தடிமனான கேஸ்கெட் போட்டிருக்கலாம். இரண்டுமே விகிதத்தைக் குறைக்கும். சிலிண்டர்களில் கார்பன் பிடித்திருந்தால் ஏறும். கம்ப்ரஷன் கேஜ் காட்டும் பிஎஸ்ஐயை (அழுத்த அளவை) விகிதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது வேறு கணக்கு. ஹெட்டைக் கழற்றும்போது சேம்பரின் (கலவை எரியும் குழியின்) கொள்ளளவை அளந்து பார்ப்பதுதான் நம்பகமான வழி.

அடுத்தது எண் குழப்பம். பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். அமெரிக்க பங்கில் ஒட்டியிருக்கும் 91, ஆர்.ஓ.என். (ரிசர்ச் ஆக்டேன் எண்), எம்.ஓ.என். (மோட்டார் ஆக்டேன் எண்) என்ற இரண்டு சோதனை எண்களின் சராசரி. இரண்டும் கம்ப்ரஷனை மாற்றக்கூடிய ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் அளக்கப்படுபவைதான். முதலாவது 600 ஆர்பிஎம்மில் நடக்கும். இரண்டாவது 900 ஆர்பிஎம்மில், கலவையை 149 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி நடக்கும். அதனால் இரண்டாவது எண் எப்போதும் குறைவாக வரும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பங்கில் போடுவது ஆர்.ஓ.என். மட்டும். கலிஃபோர்னியாவின் 91, ஆர்.ஓ.என். கணக்கில் ஏறக்குறைய 95, 96 வரும். ஊரில் சாதா பெட்ரோலுக்கு முன்பு சொல்லிவந்த 91 ஆர்.ஓ.என். அமெரிக்க எண்ணில் 87 பக்கம்தான். அறுபதுகளின் கையேடுகளில் எண் போட்டிருந்தால் அதுவும் பெரும்பாலும் ஆர்.ஓ.என்.தான். '97 கேட்கிறது, 91தானே கிடைக்கிறது' என்று பதற வேண்டாம். உண்மையான இடைவெளி ஒன்றிரண்டு எண்தான்.

இப்போது எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிளக் பொறி விட்டதும் தீ ஓர் ஓரத்திலிருந்து பரவும். அது வந்து சேரும் முன்பே மறு ஓரத்தில் நெருக்கப்பட்டுச் சூடேறிய கலவை தானாகப் பற்றிக்கொண்டால், அதுதான் நாக்கிங். வெளியே கிணுகிணுவென்று கேட்கும். உள்ளே பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள விளிம்பு (ரிங் லேண்ட்) உடையும், கேஸ்கெட் போகும். ஆக்டேன் என்பது இப்படித் தானாகப் பற்றாமல் தாங்கும் அளவு, அவ்வளவுதான். தேவைக்கு மேல் ஊற்றினால் சக்தி கூடாது. இன்றைய கார்களில் நாக் சென்சார் இருக்கிறது, டைமிங்கைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். உங்கள் மஸ்டாங்கில் அந்த சென்சார் உங்கள் காதுதான். வெயில் நேரத்தில், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ரேடியோவை அணைத்துவிட்டு, டாப் கியரிலேயே ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள்.

சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது வந்தால், ஆரம்ப டைமிங்கோ, வேகத்துக்கேற்பப் பொறியை முன்னுக்குக் கொண்டுவரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மெக்கானிக்கல் அட்வான்ஸோ அதிகம். லேசாக மிதித்துச் சீராக ஓடும்போது வந்தால் வேக்யூம் அட்வான்ஸைச் (எஞ்சினின் வெற்றிட இழுப்பால் பொறியை முன்னுக்குத் தள்ளும் அமைப்பை) சந்தேகியுங்கள், ஏனென்றால் முழு மிதியில் வேக்யூம் விழுந்துவிடும், அப்போது அது வேலையே செய்யாது. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் உதறிக்கொண்டே ஓடுகிறதா? அது வேறு கோளாறு. ஐடில் வேகத்தையும் கார்பனையும் பாருங்கள்.

டைமிங் லைட்டைப் பிடிக்கும் முன் ஒரு விஷயம். நண்பர் ஒருவரின் 289இல் எவ்வளவு திருகினாலும் நாக்கிங் போகவில்லை. கடைசியில் பார்த்தால் டைமிங் குறி இருக்கும் கிராங்க் டாம்பரின் (கிராங்க் முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரத்தின்) வெளிவளையம் பழைய ரப்பரின் மேல் நழுவி, குறியே பொய் சொல்லிக்கொண்டிருந்தது. முதல் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனைத் தடுக்கும் கருவி) மாட்டி உண்மையான டிடிசியைக் (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தை) கண்டுபிடித்த பிறகுதான் அளவு புரிந்தது. அறுபது வருஷ ரப்பர், உங்கள் காரிலும் கட்டாயம் சோதியுங்கள். சத்தம் நிற்கும்வரை டைமிங்கை இரண்டு இரண்டு டிகிரியாகக் குறைத்து வாருங்கள், ஆனால் அளவுக்கு மீறிப் போக வேண்டாம். டைமிங் பின்தங்கினால் வெப்பம் எக்ஸாஸ்ட் பக்கம் போகும், வண்டி மேட்டில் இழுக்காது, ரேடியேட்டரும் கொதிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சத்தம் கேட்டால் மட்டும் ஈயம் இல்லாத 100 ஆக்டேன் பந்தய பெட்ரோலைக் கொஞ்சம் கலக்கலாம். சரிபாதி கலந்தால் 95 அளவில் வரும், அது தாராளம். பூஸ்டர் பாட்டிலில் 'பாயின்ட்' என்று போட்டிருந்தால் கவனம். 10 பாயின்ட் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு ஆக்டேன். விமான பெட்ரோலான 100எல்எல் பக்கம் போகாதீர்கள், அதில் ஈயம் இருக்கிறது, சாலையில் ஓட்டுவது சட்டவிரோதம்.

ஈயம் என்றதும் வால்வு சீட் (வால்வு வந்து அமரும் இடம்) கேள்வி வரும். ஈயம் ஆக்டேனையும் ஏற்றியது, எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேயாமலும் காத்தது. 91 போடுவது முதல் வேலைக்குத்தான் ஈடு. வார இறுதியில் மெதுவாக ஓட்டும் காருக்கு இரண்டாவது அவசரமில்லை. ஹெட்டைக் கழற்ற நேரும்போது கடினப்படுத்திய சீட் போடச் சொல்லுங்கள், அப்போதே சேம்பர் அளவையும் எடுத்துவிடலாம்.