விழுங்குவதில் சிரமம்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. திட உணவு நெஞ்சில் நிற்கிறது, தண்ணீர் இறங்கிவிடுகிறது. தொண்டைக் கோளாறா?

பதில்: உணவுக்குழாயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். திட உணவு மட்டும் நின்றால் குழாய் எங்கோ குறுகியிருக்கலாம். தொடக்கத்திலிருந்தே திடமும் தண்ணீரும் சேர்ந்து தடைபட்டால் குழாயின் அசைவில் கோளாறு இருக்கலாம். அவர் கைவைத்துக் காட்டும் இடத்தை அப்படியே நம்பாதீர்கள். கீழே உள்ள அடைப்பு தொண்டைக்குழியிலும் உணரப்படும். தொல்லை நாளுக்கு நாள் கூடி எடையும் குறைந்தால் புற்றுநோய் இல்லையென்று உறுதிப்படுத்தியாக வேண்டும். எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போட வேண்டாம். அதில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் திசு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈசினோபில் எனும் வெள்ளையணுக்கள் உணவுக்குழாயில் சேர்வதால் வரும் அழற்சி சிலருக்குக் கேமராவில் தெரியாது.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்குப் புரையேறுவதே இல்லை. தண்ணீர் கொடுக்கலாமா?

பதில்: பரிசோதிக்காமல் கொடுக்காதீர்கள். உணர்வு மங்கியவர்களுக்கு நீர் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல் வராது. நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். பயிற்சி பெற்றவர் 90 மி.லி. தண்ணீரை இடைவிடாமல் குடிக்கச் சொல்லிப் பார்ப்பார். முடிக்காமல் நிறுத்தினாலோ, இருமினாலோ, குரல் களகளவென்று ஈரமாக மாறினாலோ தேறவில்லை என்று பொருள். தேறியும் அடிக்கடி நிமோனியா வந்தால் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த உணவோடு எக்ஸ்ரே வீடியோ எடுக்க வேண்டும், அல்லது மூக்குவழிக் குழாய் கேமராவில் பார்க்க வேண்டும். தொண்டையைத் தொட்டால் குமட்டுகிறதா என்று பார்ப்பது இதற்கு உதவாது.

பல் துலக்குவதை விட்டுவிடாதீர்கள். வாய்க் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்குவதால்தான் பல நிமோனியாக்கள் வருகின்றன.

கேள்வி: புரையேறாமலிருக்கத் தண்ணீரைக் கெட்டிப்படுத்தும் பொடி எத்தனை ஸ்பூன் போடுவது?

பதில்: ஸ்பூன் கணக்கு பொடிக்குப் பொடி மாறும், டப்பாவில் உள்ளபடி கலந்து சில நிமிடம் விடுங்கள். பிறகு ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்து, 10 மி.லி. வரை ஊற்றி, விரலை எடுத்து 10 விநாடியில் மறுபடி அடையுங்கள். சிரிஞ்சில் மீதியிருக்கும் அளவே கெட்டித்தன்மையின் நிலையைச் சொல்லும், எண் கூடினால் கெட்டியும் கூடும். மீதி 1 முதல் 4 மி.லி. என்றால் நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8-க்கு மேல் நிலை 3. ஒரு சொட்டும் இறங்காவிட்டால் நிலை 4. ஸ்டார்ச் பொடியாக இருந்தால் எச்சில் பட்டு நீர்த்துப்போகும், எச்சில் பட்ட ஸ்பூனை டம்ளருக்குள் திரும்ப விடாதீர்கள். கெட்டி நீரை விரும்பாமல் பலர் குறைவாகக் குடித்து உடல் வறண்டுபோகிறார்கள். தேவைக்கு மேல் கெட்டியாக்காதீர்கள்.

கேள்வி: தாடையைத் தாழ்த்தி விழுங்கினால் போதுமா?

பதில்: சிலருக்கு உதவும். ஒரு பக்கத் தொண்டை மட்டும் தளர்ந்திருந்தால் தலையைத் தளர்ந்த பக்கமே திருப்புவது நல்லது. உணவு வலுவான பக்கமாக இறங்கும். எது பொருந்தும் என்பதை வீடியோ பரிசோதனையின்போதே பார்த்துவிடலாம்.

கேள்வி: மாத்திரையைப் பொடிக்கலாமா?

பதில்: மருந்தாளுநரைக் கேட்காமல் கூடாது. மெதுவாக மருந்தை விடும் மாத்திரையைப் பொடித்தால் முழு அளவும் ஒரேயடியாக உடலில் சேரும். பலவற்றுக்குத் திரவ மருந்து உண்டு, அதைக் கேளுங்கள்.