மினி டிராக்டர் சங்கிலி கழல்வது பற்றி

நீலகிரி மாவட்டம் கேத்தியில் உள்ள கேரட் தோட்டத்தில் ஐப்பசி மழைச் சேற்றில் மினி டிராக்டர் வழுக்குகிறது, பின்சக்கரத்தில் சங்கிலி மாட்டினாலும் சீக்கிரம் கழன்றுவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் டயரில் ஆழமான பட்டைகள் (மண்ணைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) உள்ளன என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கும். ஏணி போன்ற சங்கிலியில் குறுக்குத் துண்டுகள் தள்ளித் தள்ளி இருந்தால் அவை பட்டைகளுக்கு நடுவே விழுந்துவிடும். பக்கச் சங்கிலி தொளதொளத்துப் போகும், பிடிப்பும் கிடைக்காது. துண்டுகள் நெருக்கமாக உள்ளதாக வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் வேறு வழியில்லை.

மாட்டும்போது சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கொக்கி முனைகள் வெளியே பார்க்க வேண்டும், இல்லையென்றால் டயரைக் கிழிக்கும். முதலில் உட்பக்கக் கொக்கி, அப்புறம் வெளிப்பக்கம். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி மாட்டிவிட்டு, பழைய அளவுக்கு ஏற்றினால் சங்கிலி கச்சிதமாக இறுகும். கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி மறுபடி இறுக்குங்கள். மட்கார்டில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

தார் ரோட்டில் ஏறும் முன் கழற்றிவிடுங்கள். இன்னொன்று, சங்கிலி வழுக்கலைத்தான் குறைக்கும்; வண்டி கவிழ்வதைத் தடுக்காது. சரிவில் குறுக்காக ஓட்ட வேண்டாம்.