குறைவாக ஓடும் பழைய கார்: செங்கோட்டைப் பட்டறையிலிருந்து கேள்வி பதில்

செங்கோட்டையில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். மலைக்கு இந்தப் பக்கமிருந்தும் ஆரியங்காவு, தென்மலைப் பக்கமிருந்தும் வண்டிகள் வரும். அவற்றில் நிறைய, பத்துப் பதினைந்து வருஷம் ஆன, வீட்டுக்கும் வேலைக்கும் கடைக்கும் மட்டும் ஓடுகிற கார்கள். "ரொம்ப ஓடல அண்ணாச்சி, அதான் ஒண்ணும் பார்க்கல" என்று சொல்லித்தான் கொண்டுவருவார்கள். மீட்டரில் கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் ரப்பருக்கும் ஆயிலுக்கும் வயசு ஏறிக்கொண்டுதான் இருக்கும். இதைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னேன். எல்லைப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவற்றுக்கு இங்கே பதில்.

தென்காசி, பள்ளி ஆசிரியை: என்னுடையது 2009 சான்ட்ரோ, 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். பத்தாயிரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதும் என்கிறார்கள். எனக்கு அது மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். சரியா அண்ணாச்சி?

சரியில்லை டீச்சர். சர்வீஸ் புத்தகத்தில் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே மாதக் கணக்கும் போட்டிருப்பார்கள். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. உங்களுக்கு மாதக் கணக்குதான் முதலில் வரும். வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள், மூவாயிரம் ஓடியிருந்தாலும் சரி.

நாலு கிலோமீட்டரில் எஞ்சின் ஆயில் முழுசாகச் சூடாகாது. டெம்பரேச்சர் முள் நடுவில் வந்து நிற்பதைப் பார்த்துச் சூடாகிவிட்டது என்று நினைப்போம். அது கூலன்ட்டின், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கிற திரவத்தின் சூடு. ஆயில் சூடேற அதைவிட நேரம் ஆகும். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். அதில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே ஆயிலுக்குள் இறங்கிவிடும். எரியாத பெட்ரோலும் கூடச் சேரும். நீண்ட தூரம் ஓடுகிற வண்டியில் இதெல்லாம் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். உங்கள் வண்டியில் அங்கேயே தங்கி ஆயிலைக் கெடுக்கும்.

சாரல் நாளில் ஒரு காலை நேரம் பானெட்டைத் திறந்து, ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். வெளுத்த காப்பி நிறத்தில், விரலில் தொட்டால் வழுவழுவென்று ஒரு படலம் இருக்கலாம். அது தண்ணீரும் ஆயிலும் கலந்தது. மூடியில் மட்டும் லேசாக இருந்தால் பயப்பட வேண்டாம், குறைந்த ஓட்டத்தின் அடையாளம் அது. ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கிலும் அதே மாதிரி இருந்தாலோ, கூலன்ட் குறைந்துகொண்டே வந்தாலோ, எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் சீல் மாதிரி இருக்கிற ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். அப்போது வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வாரத்துக்கு ஒரு நாளாவது அரை மணி நேரம் டாப் கியரில் ஓடவிடுங்கள். புளியரை வரைக்கும் போய்த் திரும்பினால் போதும். வீட்டு வாசலில் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணி உறுமவிடுவதால் பிரயோஜனம் இல்லை. ஆயிலும் சூடாகாது, பேட்டரியும் ஏறாது, பெட்ரோல்தான் போகும்.

புளியரை: எங்களுடையதும் சான்ட்ரோதான். டைமிங் பெல்ட் இதுவரை மாற்றவில்லை. 38,000 கிலோமீட்டரில் பெல்ட்டுக்கு என்ன ஆகப்போகிறது?

எத்தனை வருஷம் ஆயிற்று என்று சொல்லவில்லையே தம்பி. பத்தைத் தாண்டியிருந்தால் இந்த மாதமே மாற்றுங்கள். வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பிசகாமல் இயக்குகிற பெல்ட் அது. ரப்பர். எஞ்சின் சூட்டிலேயே இருப்பது. வெளியே பார்க்க நன்றாக இருக்கும், பல்லின் அடியில் வெடித்திருக்கும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் இடித்துக்கொண்டு வால்வு வளைந்துவிடும். அப்புறம் ஹெட்டை இறக்க வேண்டியதுதான். பெல்ட் மாற்றும்போது அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். வாட்டர் பம்பில் லேசாகக் கசிவு இருந்தாலும் அதையும் அப்போதே முடித்துவிடுவது நல்லது, கூலி ஒரே கூலிதான்.

எல்லாக் காருக்கும் இது கிடையாது. பழைய மாருதி 800, பழைய ஆல்டோ, 1.1 எஞ்சின் ஐ10 இவற்றில் பெல்ட். 2010க்குப் பிறகு வந்த கே சீரிஸ் எஞ்சின் வேகன் ஆர், ஸ்விஃப்ட் பெட்ரோலில் செயின். செயினுக்கு வருஷக் கணக்கில்லை, ஆனால் ஆயில் கெட்டால் அதுதான் முதலில் சத்தம் போடும்.

கம்பம், ஏலக்காய் வியாபாரி: வாரம் இரண்டு நாள் குமுளி ஏறி இறங்குவேன். வண்டி பழசு, ஓட்டம் குறைவு. போன மாதம் லோயர் கேம்ப் வரும்போது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கீழே வந்து கொஞ்ச நேரம் நிறுத்தினேன், சரியாகிவிட்டது. பேட் நன்றாக இருக்கிறது என்கிறார் மெக்கானிக். அப்புறம் ஏன் அண்ணே?

சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள் அண்ணே. வந்த கேள்விகளில் எனக்குக் கவலை தந்தது இதுதான்.

பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள்? இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. டப்பாவை மூடியே வைத்திருந்தாலும் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஏறும். புது டாட் 3 (DOT 3) வகை ஆயில் குறைந்தது 205 டிகிரி சூடு வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 140 வரைக்கும் இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230லிருந்து 155. மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பேடை அழுத்துகிற காலிப்பர் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். ஆயில் கொதித்து லைனுக்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். ஆயிலை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். அதனால்தான் பெடல் உள்ளே போகிறது. ஆறினால் குமிழ் மறைந்து பெடல் பழையபடி நிற்கும். பேடைக் கழற்றிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பழைய ஆயிலை முழுசாக எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றி, நாலு சக்கரத்துப் பிரேக் லைனிலும் உள்ளே இருக்கிற காற்றை எடுக்கச் சொல்லுங்கள். டப்பாவில் குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்புவது மாற்றியதாகாது. மூடி மேலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும், அதைத்தான் ஊற்ற வேண்டும். திறந்து வைத்த பழைய டின்னிலிருந்து ஊற்ற விடாதீர்கள், உங்கள் கண் முன்னால் சீலை உடைக்கட்டும். ரப்பர் பிரேக் ஹோஸ் நாலையும் வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்ற வேண்டும்.

இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள். மலையேறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்று லாரி ஓட்டுகிறவர்கள் சொல்வது காருக்கும் பொருந்தும். எஞ்சின் சத்தம் கூடுகிறதே என்று நியூட்ரலில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இந்த வேலை முடிகிறவரை குமுளிக்குப் பஸ்ஸில் போங்கள்.

நீரோடி: வீடு கடலுக்குப் பக்கம். கார் போர்டிகோவில்தான் நிற்கிறது. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. துருவுக்கு என்ன பார்க்கணும்?

மேலே பார்த்துப் பிரயோஜனமில்லை. நாலு இடம் பாருங்கள்: கதவின் கீழ் விளிம்பு, பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவின் உள்பக்கம், ஜாக்கி வைக்கிற இடம், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிற குழி. கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், தண்ணீர் வடிவதற்கு. மண் அடைத்திருந்தால் குச்சியால் குத்தி எடுத்துவிடுங்கள். ஜாக்கி வைக்கிற இடத்தை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல தகடு டங்கென்று சொல்லும், உளுத்தது மொத்தென்று கேட்கும். மாதத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் வருகிற கிணறானால் அது வேண்டாம். கழுவிவிட்டு உடனே கவர் போட்டு மூடாதீர்கள், காய வேண்டும்.

பிரேக் லைன் இரும்புக் குழாயும் அடியில்தான் ஓடுகிறது. லிஃப்ட்டில் ஏற்றும்போது அதை மறக்காமல் காட்டச் சொல்லுங்கள்.

கழுதுருட்டி, ரப்பர் எஸ்டேட்: மழை பெய்தால் முன்சீட்டுக் காலடியில் தண்ணீர் நிற்கிறது அண்ணாச்சி. கண்ணாடி ரப்பர் மாற்றியும் நிற்கவில்லை. எலித் தொல்லையும் உண்டு.

மரத்தடியில்தானே நிறுத்துகிறீர்கள்? வைப்பருக்குக் கீழே கறுப்புப் பிளாஸ்டிக் ஜாலி இருக்கிறதே, அதைக் கழற்றச் சொல்லுங்கள். ரப்பர் மரம் இலை உதிர்த்து முடித்ததும் உள்ளே பார்த்தால் இலை மக்கி, கை நிறைய கறுப்பு மண்ணாகக் கிடக்கும். கண்ணாடியில் விழுகிற மழைத் தண்ணீர் அங்கே இறங்கி இரண்டு ஓரத்து ஓட்டை வழியாக வெளியே போக வேண்டும். ஓட்டை அடைத்தால் தண்ணீர் தேங்கி புளோயர் வழியாக உள்ளே வரும். உங்களுக்கு அதுதான் என்று நினைக்கிறேன். வருஷா வருஷம் இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் சுத்தம் செய்துவிடுங்கள். ஏசி ஃபில்டரையும் அப்போதே பாருங்கள், எலி கூடு கட்டும் இடம் அது.

எலிக்கு முழு மருந்து கிடையாது. புகையிலை கட்டுவார்கள், கொஞ்ச நாளில் வாசனை போய்விடும். நடைமுறையில் உதவுவது, வண்டியைத் தினமும் அசைப்பது, காருக்குள் தின்பண்டம் வைக்காதது, காற்று உள்ளே போகும் வாயில் கம்பி வலை போடுவது. பெட்ரோல் ஹோஸை எலி கடித்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் ஸ்டார்ட் பண்ணக் கூடாது.

வேலந்தாவளம்: பாலக்காட்டில் ஒரு டாக்டரின் கார், 2011 மாடல், 22,000 கிலோமீட்டர் என்று விலைக்கு வருகிறது. நம்பி வாங்கலாமா?

மீட்டரை நம்பாதீர்கள், பெடல் ரப்பரைப் பாருங்கள். 22,000 ஓடிய வண்டியில் கிளட்ச் பெடலின் கோடுகள் தேய்ந்திருக்காது. ஸ்டியரிங் வழுக்கையாகியிருந்தாலும் சந்தேகம்தான். ஒவ்வொரு வருஷமும் சர்வீஸ் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். நிஜமாகவே 22,000 என்றால் அதற்கும் தனியாகக் காசு எடுத்து வைக்க வேண்டும்: டயர், பேட்டரி, கூலன்ட், பிரேக் ஆயில், ஹோஸ்கள் எல்லாமே பழசாக இருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். என்னைக் கேட்டால் வருஷம் பத்தாயிரம் ஓடி, ஒழுங்காகப் பார்த்த வண்டியே மேல்.

கேரளப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதானால் அங்கே தடையில்லாச் சான்று வாங்கி இங்கே பதிவு மாற்ற வேண்டும். 12 மாதத்துக்கு மேல் அப்படியே ஓட்ட முடியாது.

களியக்காவிளை: டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. எதற்கு மாற்றணும்?

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கிற வரியின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்த டயர். ஆறு வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள். பத்து வருஷம் ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் எடுத்துவிடுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள், பெரும்பாலும் வண்டியோடு வந்ததுதான் அப்படியே கிடக்கும்.

செங்கோட்டை, ஓய்வு பெற்ற தபால்காரர்: காலையில் செல்ஃப் இழுக்கிறது. பேட்டரி மாற்றி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது.

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பாருங்கள் சார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2க்கு வந்துவிட்டால் பாதிதான். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் டைனமோ வேலை செய்கிறது. உங்களுக்கு டைனமோ சரியாக இருந்து சார்ஜ் மட்டும் ஏறாமல் இருக்கலாம். மார்க்கெட் போய் வருகிற தூரத்தில் ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்டே திரும்ப ஏறாது. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து வாஸ்லின் தடவுங்கள். அது செலவே இல்லாத வேலை.

கூடலூர், தேனி மாவட்டம்: கையில் பதினைந்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. ஆல்டோ, 13 வருஷம், எதுவுமே பார்த்ததில்லை. எதை முதலில்?

பிரேக் ஆயில், பிரேக் ஹோஸ். வயசான டயர் இருந்தால் முன்சக்கரம் இரண்டின் டயரையாவது மாற்றுங்கள். அடுத்து டைமிங் பெல்ட். மிச்சம் இருந்தால் எஞ்சின் ஆயில், கூலன்ட். கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றி வைத்திருந்தால் உள்ளே துருப்பிடித்துப் பழுப்பாக இருக்கும், கழுவிவிட்டு புதுசு ஊற்றுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். சீட் கவர், பாலிஷ், "எஞ்சின் ஃப்ளஷ்" என்று யாராவது சொன்னால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். சஸ்பென்ஷன் புஷ் சத்தம் போட்டால் காதுக்குத்தான் தொல்லை, கொஞ்ச நாள் பொறுக்கலாம். சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கிற பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தால் மட்டும் பொறுக்கக் கூடாது.

ஆரியங்காவு: மழைக்காலத்தில் பத்து நாள் நிறுத்தினால் பின்சக்கரம் பிடித்துக்கொள்கிறது.

ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்துவதால் லைனிங் டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டுகிறது. சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக் வேண்டாம்.

தென்காசி: அடுத்த வருஷம் ஆர்சி 15 வருஷம் முடிகிறது. வண்டியைக் கொடுத்துவிடலாமா?

நல்ல வண்டியை ஏன் கொடுக்க வேண்டும்? படிவம் 25இல் விண்ணப்பித்தால் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். முடிகிற தேதிக்கு 60 நாளுக்கு முன்னிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டும்போது விளக்கு, ஹாரன், பிரேக், துரு எல்லாம் பார்ப்பார்கள். புகைச் சான்றும் இன்சூரன்ஸும் நடப்பில் இருக்க வேண்டும். போவதற்கு இரண்டு வாரம் முன்னால் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், லிஃப்ட்டில் ஏற்றி அடியில் ஒன்றாகப் பார்த்துவிடலாம்.